மாவு டப்பா மூடி

ஹாலில், டி.வி.யில், தபால்காரன் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சமையலறையில் எஸ்தர் கோதுமை மாவு டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடி அசையவில்லை.

அடுப்பை அணைத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் உறுமல் இடைஞ்சலோ என்று அதையும் அணைத்தாள். திறந்த கதவு வழியே டி.வி.யிலிருந்து அந்தப் பாட்டு வந்துகொண்டுதான் இருந்தது. யாரோ அவசரமில்லாமல் ஒற்றைக் கையால் பியானோ வாசிக்கிற மாதிரி. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் அந்தப் பாட்டுக்கு இந்த மூடி 'ஙொய்' என்று அதிரும். எரிச்சலில் மேலே ஒரு கரண்டியைக் கவிழ்த்து வைப்பாள். இப்போது கரண்டியை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள், சும்மா கிடக்கிறது.

டி.வி.யில் ஓடிய அந்தத் தபால்காரன் கேம் வசந்தகுமாருடையது. வசந்தகுமார் அவள் கணவர். போன ஜூன் மாதம் கசார்வாடியில், லேத் பட்டறையில், டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நாலு வயது. கிளாஸில் பாதி டீ இருந்ததாகப் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். அதை ஏன் சொன்னார்கள் என்று எஸ்தருக்குப் புரியவில்லை. சொன்னதால் ஞாபகத்தில் இருக்கிறது.

கேமில் தபால்காரன் உட்கார்ந்தால் வரும் அந்தப் பாட்டை முழுசாகப் பியானோவில் வாசித்துவிட வேண்டும். மழைக்காலத்திலிருந்தே எஸ்தருக்கு இருந்த ஒரே காரியம் அதுதான். ஆசை என்று சொல்ல முடியாது. ஆசை, துக்கம், பசி எல்லாமே ஜூனோடு எங்கோ போய்ப் படுத்துக்கொண்டன. ஆபீஸ் போகிறோமே, துணி மடிக்கிறோமே, அப்படி ஒரு காரியம். வலது கை வாசிக்கிற மேல்பாட்டு வந்துவிட்டது. இடது கைக்கான கீழ்ப்பாட்டு வரவில்லை. டி.வி.யில் கேட்டால் கீழ்ப்பாட்டு என்று ஒன்றே இல்லை. ஆனால் இருந்தது. அதற்கு மாவு டப்பா மூடிதான் சாட்சி.

எஸ்தர் பிறந்து வளர்ந்தது தேஹு ரோட்டில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவ டெப்போ வேலைக்கு வந்தவர். அங்கே ஒரு மலையாள டீச்சர் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். தாளைப் பார்த்து வாசிப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தார். தாளில் கோடும் புள்ளியும் இருந்தால் எஸ்தர் எதையும் வாசித்துவிடுவாள், முதல் தடவையிலேயே. தாள் இல்லையென்றால் பிறந்தநாள் பாட்டுகூட வராது. ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து ஒரு சினிமாப் பாட்டு கேட்டார்கள். "நோட்ஸ் வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். அந்தக் கூட்டத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்த ஒருத்தர்தான் பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தார்.

வசந்தகுமாருக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் அப்படியே சீட்டியடிப்பார். "ஒனக்கு கண்ணுதாம்ட்டீ காது," என்பார் அவளை. அவள் விஷ்ராந்த்வாடியில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, "சரியான இடத்துக்குத்தான் போயிருக்கா," என்று சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சபையில் பியானோ வாசிக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. வசந்தகுமாரின் அடக்க ஆராதனைக்கும் அதனால் அவள்தான் வாசித்தாள். போதகர் வேண்டாம் என்றார். பாட்டில்லாமல் சவப்பெட்டியை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் எழுந்து போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். ஒரு இடத்தில்கூடக் கை தப்பவில்லை. "கல்லு மாதிரி உக்காந்து வாசிச்சா," என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. கல் என்றால் கனமாவது தெரிய வேண்டும். அவளுக்கு அதுவும் தெரியவில்லை.

அந்தக் கேம் பெட்டி, மகள் கீர்த்தி காலேஜில் படிக்கும்போது வாங்கியது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது வைத்துவிட்டுப் போனாள். அதை ஒருநாள் வசந்தகுமார் எடுத்துத் துடைத்தார், பிறகு விளையாட ஆரம்பித்தார். ஃபோனில் ஒரு போட்டோ அனுப்பத் தெரியாத மனுஷன். சண்டை இல்லை, கார் ஓட்டுவது இல்லை. பனிமலையில் ஒரு தபால்காரன் ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகிற கேம். நடந்து நடந்து களைத்தால் வழியில் ஒரு நெருப்பு இருக்கும். அங்கே உட்காரலாம். உட்கார்ந்தால் பாட்டு வரும்.

ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டு அவர் போய் உட்காருவார். தபால்காரனும் போய் உட்காருவான். அவன் நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்.

"நாள் பூரா பட்டறையில நின்னுட்டு வாறிய. வந்து அந்தப் பய உக்காந்திருக்கதப் பாத்துக்கிட்டு இருக்கிய," என்பாள் எஸ்தர், சமையலறையிலிருந்து.

"அவனுக்கும் காலு வலிக்கும்லா," என்பார்.

அவ்வளவுதான் அந்தக் கேமைப் பற்றி அவர்கள் பேசியது. மற்றபடி அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். டி.வி.க்குக் கீழே அவர் ஒரு பழைய வூஃபர் பெட்டியைச் சமையலறைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். சுவர் வழியே அடித்தொண்டைச் சத்தம் மட்டும்தான் இந்தப் பக்கம் வரும். மேலே என்ன ஓடுகிறது என்று தெரியாது. அப்படித்தான் அந்தப் பாட்டு அவள் காதில் ஏறியது, அவள் கேட்காமலேயே.

அவர் போன பிறகு, ஜூலைக் கடைசியில் ஒருநாள், தூசி துடைக்கும்போது கை பட்டு அந்தப் பெட்டி உயிர் பெற்றது. டி.வி.யில் பனி பெய்தது. நெருப்புக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு தபால்காரன், அவர் கடைசியாக உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். எஸ்தர் துடைக்கிற துணியோடு சோபாவில் உட்கார்ந்தாள். அழுகை வரப்போகிறதோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது: இந்தப் பாட்டு அந்தப் பாட்டு இல்லை. என்னவோ குறைகிறது.

குறைகிறது என்று காதுக்குத் தெரிந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து, மருத்துவமனையிலிருந்து வந்ததும் பெட்டியைப் போடுவாள். ரிமோட் மாதிரியான அந்தக் கைப்பிடியைத் தொடவே மாட்டாள். எதையாவது அமுக்கி, அவன் பாட்டுக்கு எழுந்து போய்விட்டால்? அவனை அங்கே உட்கார வைத்தது அவர். பெட்டியைப் போட்டால் அவன் அங்கேயே இருப்பான். அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் அங்கேயே இருப்பான். அது போதும்.

தாள் இல்லாமல் ஒரு பாட்டைப் பிடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. முதல் சுரத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போனது. வாயால் முனகுவாள், போய்ப் பியானோவில் தட்டுவாள், திரும்பி வருவதற்குள் முனகியது நழுவிவிடும். பழைய டிஜிட்டல் பியானோ ஜன்னல் பக்கம் கிடந்தது. அதை இழுத்து டி.வி.க்குப் பக்கத்தில், சமையலறைச் சுவரோடு போட்டாள்.

பிறகு ஒரு வழி கிடைத்தது. பாட்டு முதல் சுரத்திலிருந்து இரண்டாவதுக்குத் தாவுகிற தாவல் எங்கோ கேட்டதாக இருந்தது. கல்யாண ஆராதனையில் பெண் உள்ளே வரும்போது பாடுகிற பாட்டின் முதல் தாவல்! அதைத்தான் இருபத்தைந்து வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறாளே, அது விரலுக்குத் தெரியும். அடுத்தது ஒரு சின்ன இறக்கம். அது ஞானஸ்நானப் பாட்டில் குழந்தையை வாங்கும்போது வரும். அதற்கடுத்து படிப்படியாக இறங்குவது அடக்க ஆராதனையில். இப்படிச் சபைப் பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி அளவுகோல் செய்துகொண்டாள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம், மறுபடி கல்யாணம், கிறிஸ்துமஸ் பாட்டில் ஒரு ஏற்றம். துணிக்கடைக்காரன் முழம் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போனாள். அடக்கப் பாட்டின் இறக்கத்தைப் போடும்போது மனசில் ஏதாவது செய்கிறதா என்று கவனித்தாள். ஒன்றும் செய்யவில்லை. அளவு மட்டும் சரியாக இருந்தது.

நவம்பருக்குள் மேல்பாட்டு வலது கைக்கு வந்துவிட்டது. மருத்துவமனையில், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே மேஜையில் விரல் தட்டுவாள். "மேடம், அவுர் கித்னா டைம்?" என்று ஒரு கிழவர், இன்னும் எவ்வளவு நேரமாகுமென்று ஹிந்தியில் கேட்பார். "பஸ், தோடா," இன்னும் கொஞ்சந்தான் என்பாள். விரல் நிற்காது.

கீழ்ப்பாட்டுக்குத்தான் அந்த மூடி. சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பியானோவின் சத்தத்தைக் கூட்டி, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினாள். ஒரு கறுப்புக் கட்டையில் உள்ளேயிருந்து 'ஙொய்' என்றது. பக்கத்துக் கட்டைகளில் இல்லை. மறுபடி அழுத்தினாள். 'ஙொய்.' சரி, இது ஒன்று கிடைத்தாயிற்று. அதைச் சுற்றி, சுவர் வழியாகக் கேட்டதை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி இன்னும் சில. ஆனால் இரண்டு கையையும் சேர்த்து வாசித்தால் இடித்தது. தனித்தனியாகச் சரி, சேர்த்தால் தப்பு. டி.வி.யைக் கேட்டுத் திருத்தலாம் என்றால் டி.வி.யில் கீழ்ப்பாட்டே இல்லை.

வூஃபர் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். ஆளந்தி ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சலீம் பாயை வரச்சொன்னாள். ஆம்பூர்க்காரர், வசந்தகுமாருக்குச் சிநேகம். வந்து வூஃபரைக் கழற்றி, ஊதி, ஒரு ஹிந்திப் பாட்டைப் போட்டுக் காட்டினார். வீடே அதிர்ந்தது. மூடியும் அதிர்ந்தது.

"இதுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஏக்தம் நல்லா இருக்கு." பிறகு கேம் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "இதுக்குத்தான் காய்ச்சல். ஃபேன் சத்தத்தக் கேளுங்க, பிளேன் ஏறுற மாதிரி. எவ்ளோ நேரம் போடுறீங்க?"

"சாயங்காலம் கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா?"

எஸ்தர் வூஃபரைச் சுவரோடு தள்ளி வைத்தாள்.

"தொறந்து பாக்கலாம். ஆனா பழைய மிஷினு. தொறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் இருந்தாலும் இருக்கும், போனாலும் போவும். அண்ணன் எங்க வுட்டாரோ அது போயி, கேமு மொதல்லேந்து ஆரம்பிக்கும். தொறக்காம வுட்டா அதுவா ஒருநாள் நின்னுடும்." டி.வி.யில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். "கம்மியா போடுங்க."

"பாட்டு முழுசாக் கெடைக்க வரைக்கும் ஓடுனாப் போதும் பாய்."

"அது மிஷினுக்குத் தெரியாதேக்கா," என்றார் சலீம். காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. சபையில் காணிக்கைப் பாட்டு பாடும்போது பை சுற்றிவரும். பாட்டு முடிந்தும் பை பின்வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தால், அது பீடத்துக்கு வந்து சேரும்வரை பியானோவில் எதையாவது வாசித்து நிரப்ப வேண்டும். எஸ்தர் எப்போதும் கடைசிச் சரணத்தையே இன்னொரு தரம் வாசிப்பாள், புத்தகத்தைப் பார்த்து. அன்றைக்குப் பை தாமதித்தது. அவள் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பை பீடத்துக்கு வந்து, எல்லோரும் எழுந்து நின்று, போதகர் இன்னும் ஜெபத்தை ஆரம்பிக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டபோதுதான், தன் வலது கை தபால்காரன் பாட்டை வாசித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தினாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் டீ கொடுக்கும்போது பிடித்துக்கொண்டார்கள்.

"எஸ்தரு, அது எந்தப் பாட்டு? கீர்த்தனையா, ஞானப்பாட்டா?" என்றாள் ஐயரம்மா. போதகரின் மனைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நம்பரச் சொல்லு, கிறிஸ்துமஸுக்கு லேடீஸ் பாடலாம்."

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலையாட்டினார். "பழைய பாட்டும்மா அது. இப்ப உள்ள புத்தகத்துலல்லாம் கெடயாது. ஊர்ல, நாசரேத்துல, எங்க அம்மா பாடுவா. வார்த்ததான் வரமாட்டங்கு."

"வார்த்த வந்தா எழுதிக் குடுங்க," என்றாள் ஐயரம்மா மரியாதையாக.

பெரியவர் கண்ணை மூடி வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். எஸ்தர் டீயைக் குடித்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது லீலாவிடம் மட்டும் சொன்னாள். லீலா பாடகர் குழுவில் பாடுகிறவள், அடுத்த கட்டடத்தில் இருப்பவள். "அது அவிய வெளயாடுத கேம்ல உள்ள பாட்டு."

லீலா திரும்பிப் பார்த்தாள். "எது? காணிக்கைக்கு வாசிச்சதா?"

"ம்."

"அந்தத் தாத்தாவுக்கு அவங்க அம்மா பாடுனதா?"

"ம்."

லீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்க. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் லீலா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

"கீழ்ப்பாட்டு கெடைக்க மாட்டங்கு லீலா. மேல மட்டுந்தான் வாசிச்சேன்."

"யூட்யூப்ல இருக்குமேடி."

"பாத்தேன். ஒருத்தன் ரெண்டு கையாலயும் குதிர ஓட்டுத மாதிரி வாசிக்கான், அவனா சேத்துக்கிட்டு. இன்னொண்ணுல மேல்பாட்டு மட்டுந்தான். கீழ ஒண்ணு உண்டு, எனக்கு நல்லாத் தெரியும். சுவத்துல கேட்டிருக்கேன்."

"கீர்த்திட்ட கேளேன். அவ வெளயாடுன கேமுதான அது?"

கேட்கத் தோன்றவே இல்லை. கீர்த்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். "சாப்டியாம்மா?" என்பாள். "சாப்ட்டேன், நீ?" என்பாள் இவள். இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜூனிலிருந்து அப்பா என்ற வார்த்தை அந்தப் பேச்சுக்குள் வந்ததில்லை. முன்பும் கீர்த்திக்கும் அவருக்கும் ஃபோனில் பேச்சு கிடையாது. "நல்லா இருக்கியா? இரு, அம்மாட்ட குடுக்கேன்," அவ்வளவுதான். மகளோடு பேசத் தெரியாத மனுஷன் என்றுதான் எஸ்தர் நினைத்திருந்தாள்.

அன்று கீர்த்தி கூப்பிட்டபோது, சாப்பாட்டு விசாரணை முடிந்ததும், "ஒங்க அப்பா கேம்ல அந்தத் தபால்காரன் உக்காந்தா ஒரு பாட்டு வரும்லா," என்றாள்.

எஸ்தர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள்.

"இருக்கியா?"

"ம். இருக்கேன்."

"அதுல கீழ்ப்பாட்டு இப்ப கேக்க மாட்டங்கு. சலீம் பாய் வந்து பாத்துட்டாரு, வூஃபர் நல்லாத்தான் இருக்குங்காரு. முன்னல்லாம் மாவு டப்பா மூடியே அதிரும். நான் வாசிச்சுக் காட்டுதேன், கேளு." ஃபோனைப் பியானோ மேல் வைத்து, இடது கையால் மட்டும் வாசித்தாள்.

"அது நீ எப்பம்மா கேட்ட?" என்றாள் கீர்த்தி.

"மாவு பெசையும்போது. தெனமும்."

"அது..." கீர்த்திக்குத் தமிழ் எப்போதும் கொஞ்சம் தேடித்தான் வரும். இப்போது ரொம்பத் தேடினாள். "அம்மா, அது தனியா உக்காந்தா வராது. இன்னொரு ஆள் பக்கத்துல வந்து உக்காந்தாதான் வரும். கேம் அப்படித்தான். ரெண்டாவது ஆள் வந்தாதான் அந்த பார்ட் ஆரம்பிக்கும்."

"இன்னொரு ஆளா? இங்க யாரு வந்தா? அவிய ஒத்தையிலதான் உக்காந்திருப்பாவ."

"நாந்தான்."

"நீ பெங்களூர்லலா இருந்த?"

"ஆன்லைன்மா. ஆபீஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்து லேப்டாப்ல லாகின் பண்ணுவேன். பச்சைத் தொப்பி. அப்பா அங்க உக்காந்திருப்பாங்க. நான் போய்ப் பக்கத்துல உக்காருவேன்."

எஸ்தர் டி.வி.யைப் பார்த்தாள். அணைந்து கிடந்தது.

"என்ன பேசுவிய?"

"ஒண்ணும் பேச மாட்டோம். மைக்கெல்லாம் கிடையாது. கை காட்டுவாங்க, நானும் காட்டுவேன். அப்புறம் சும்மா உக்காந்திருப்போம். நீ சாப்பிடக் கூப்பிடுவ போல. திருப்பிக் கை காட்டிட்டுப் போயிடுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ரெண்டு பேரும்."

"சொல்லக் கூடாதுன்னு இல்லம்மா. சொல்றதுக்கு என்ன இருக்கு அதுல?"

அதுவும் சரிதான் என்று எஸ்தருக்குப் பட்டது.

"நீ ஆன் பண்றப்பல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் கீர்த்தி. "ஃபோன்ல வரும். அப்பா வச்ச பேரு 'லேத் வசந்த்'ல? 'லேத் வசந்த் ஆன்லைனில் இருக்கிறார்'னு. ஜூலைல மொத தடவை வந்தப்போ மீட்டிங்ல இருந்தேன். எந்திரிச்சுப் போய் பாத்ரூம்ல உக்காந்துட்டேன். அப்புறம்தான் நீயா இருக்கும்னு தோணுச்சு. தினமும் வருது."

"அத நிப்பாட்ட முடியாதா?"

"முடியும். நிப்பாட்டல."

பெங்களூரில் கீர்த்தியின் ரூமில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்பம் நீ ஏன் வரல?" என்றாள் எஸ்தர். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியலம்மா. தோணல. எனக்கு ஒண்ணுமே தோணல இப்பல்லாம். ஆபீஸ் போறேன், வர்றேன்."

"ம்," என்றாள் எஸ்தர். மகளைப் பற்றி ஆறு மாதமாகத் தெரியாத ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. "பெட்டி எப்பம் வேணாலும் நின்னுரும்னு சலீம் பாய் சொல்லுதாரு. ஒரு தரம் வா. எனக்குக் கீழ்ப்பாட்டு வேணும்."

"நாளைக்கா?"

"மாவு பெசையுத நேரத்துக்கு வா."

மறுநாள் மருத்துவமனையிலிருந்து வந்து, கை கால் கழுவி, பெட்டியைப் போட்டாள். ஃபேன் உறுமியது. தபால்காரன் உட்கார்ந்திருந்தான். மேல்பாட்டு ஓடியது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பியானோ மேல் வைத்தாள்.

"வந்துட்டேன்மா. நடந்து வரணும், கொஞ்சம் தூரம்," என்றாள் கீர்த்தி.

எஸ்தர் நின்றுகொண்டே பார்த்தாள். பனிக்குள் தூரத்தில் ஒரு புள்ளி அசைந்தது. பச்சையாயிற்று. தொப்பியாயிற்று. ஒரு பெண் தபால்காரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீர்த்தியைப் போலவே கொஞ்சம் வேகமாக நடந்துவந்தாள். நெருப்புக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள். சிவப்புத் தொப்பி அசையவில்லை. கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கீழ்ப்பாட்டு ஆரம்பித்தது.

எஸ்தர் நேராகச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜை அணைத்தாள். டப்பாவுக்கு முன்னால் நின்றாள். 'ஙொய்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி. அதே கறுப்புக் கட்டைதான், சந்தேகமில்லை. ஆனால் அது வருகிற இடம் வேறு. அவள் மேல்பாட்டின் முதல் சுரத்தோடு சேர்த்து அதை அழுத்திக்கொண்டிருந்தாள். இது சேர்ந்து வரவே இல்லை. மேல்பாட்டு ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கிறது, அந்த இடைவெளியில் கீழே இது வருகிறது, பிறகு மேலே அடுத்த வரி. இரண்டும் ஒரே நேரத்தில் பேசுவதே இல்லை. முன்பு சமையலறையிலிருந்து கீழ்ப்பாதியை மட்டும், பிறகு ஹாலிலிருந்து மேல்பாதியை மட்டும் கேட்டவளுக்கு அது தெரிய வழியில்லை.

ஹாலுக்கு வந்தாள். "கெடச்சிட்டு," என்றாள் ஃபோனைப் பார்த்து.

"கிடைச்சிடுச்சா?"

"எடம்தான் தப்பாப் போட்டிருக்கேன்." தபால்காரி நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை காட்டியவளுக்குப் பதில் காட்டாமல் இவன் இப்படி மரமாக உட்கார்ந்திருப்பது எஸ்தருக்கு என்னவோ போலிருந்தது. "ஏ கீர்த்தி, கை காட்டுததுக்கு எத அமுக்கணும்?"

"முக்கோணம் போட்டது."

மாதக்கணக்கில் தொடாமலிருந்த கைப்பிடியை எடுத்தாள். கண்ணாடி போடவில்லை. அமுக்கினாள். தபால்காரன் எழுந்து நின்றான்.

பாட்டு நின்றுபோனது. காற்றுச் சத்தம் மட்டும்.

"அம்மா, வட்டத்த அமுக்கிட்டியா? அது எந்திரிக்கிறது."

அவன் தோளிலிருந்து பனி உதிர்ந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் பனி அழுந்தி ஒரு பள்ளம் தெரிந்தது. மேலே பெய்து பெய்து அது நிரம்பிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகலம்மா. திருப்பி உக்கார வச்சிடலாம். இடது கைப் பக்கம் சின்னக் குச்சி மாதிரி இருக்குல்ல? மெதுவாத் தள்ளு. நான் இங்கதான் இருக்கேன்."

தள்ளினாள். அவன் போய் ஒரு பைன் மரத்தில் முட்டினான். திருப்பினாள். மறுபடி அதே மரத்தில் முட்டினான். ஃபோனில் கீர்த்தி சிரித்தாள், தும்மல் மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு. "அப்பா பாத்தா திட்டுவாங்க."

"திட்ட மாட்டாவ. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாவ."

நெருப்பைச் சுற்றிக்கொண்டு, ஒருதரம் நெருப்புக்குள்ளேயே கால் வைத்து, கடைசியில் பச்சைத் தொப்பிக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். "இப்ப வட்டம்," என்றாள் கீர்த்தி. உட்கார்ந்தான். பழைய இடம் இல்லை. இப்போது அவன் முதுகுதான் தெரிந்தது.

"மொகம் தெரிய மாட்டங்கே."

"மாத்தணுமாம்மா?"

எஸ்தர் பார்த்தாள். "இருக்கட்டும்," என்றாள்.

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது, இரண்டும் சேர்ந்து. எஸ்தர் கைப்பிடியைச் சோபாவில் வைத்துவிட்டுப் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சுற்று கேட்டாள். அடுத்த சுற்றில் வலது கையை மட்டும் வைத்தாள். அதற்கடுத்ததில், வலது கை நின்ற இடத்தில் இடது கையை வைத்தாள். இரண்டாவது வரியில் தடுக்கியது. விட்டுவிட்டு, சுற்று திரும்பி வரும்வரை காத்திருந்தாள். சமையலறையில் மூடி இரண்டு தடவை அதிர்ந்தது, ஒன்று வூஃபருக்கு, ஒன்று அவளுக்கு. பிறகு இரண்டும் ஒன்றாயிற்று.

பச்சைத் தொப்பி அசையாமல் இருந்தது. பெட்டியின் ஃபேன் உறுமிக்கொண்டே இருந்தது, ஆனால் பெட்டி நின்றுவிடவில்லை.

"அழுறியாம்மா?" என்றாள் கீர்த்தி, ரொம்ப நேரம் கழித்து.

எஸ்தர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இல்ல. நீ?"

"இல்ல." பிறகு, "பசிக்குதும்மா," என்றாள்.

அந்த வார்த்தை எஸ்தருக்குப் புதிதாகக் கேட்டது. "என்ன இருக்கு அங்க?"

"காலைல வச்ச சாதம் இருக்கு. தயிர் இருக்கு."

"போய்ச் சாப்பிடு. நாளைக்கு வா."

"பாட்டுதான் கிடைச்சிடுச்சே."

"கடைசி வரி இன்னும் சரியா வரல," என்றாள் எஸ்தர். அது சரியாகத்தான் வந்திருந்தது. கீர்த்திக்கும் காது உண்டு.

"சரிம்மா. வர்றேன்," என்றாள் கீர்த்தி. பச்சைத் தொப்பி எழுந்து, கையைத் தூக்கியது.

எஸ்தர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முக்கோணத்தைப் பார்த்து அமுக்கினாள். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, மாவு பிசையச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைப் போட மறந்துவிட்டது ராத்திரி பால் எடுக்கும்போதுதான் தெரிந்தது.